"மெல்ல... மெல்ல..." - எங்கள் வீட்டு நாய்க்குட்டி கற்றுக்கொண்ட முதல் பாடம்!

செல்போனில் வரும் நாய்க்குட்டி வீடியோக்களில் ஒரு விஷயம் மட்டும் சரியாகத் தெரிவதில்லை. அதன் பற்கள்.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால், ஒரு நாளைக்குப் பத்து நாய்க்குட்டி வீடியோக்களாவது என் கண்ணில் பட்டுவிடும். குட்டி உருளும், குரைக்கும், உட்கார்ந்தபடியே தூங்கி விழும். வியூஸ் அள்ளும். ஆனால், அந்த வீடியோவை எடுத்தவரின் கையைக் காட்டச் சொன்னால் முழங்கை வரை கீறலாக இருக்கும். குட்டிக்கு மொத்தம் 28 பாற்பற்கள். ஒவ்வொன்றும் குண்டூசி முனை.

"குட்டின்னா கடிக்கத்தான் செய்யும். வளர்ந்தா சரியாயிடும்" என்பார்கள். பாதி உண்மைதான். விளையாட்டுக் கடி வளர வளரக் குறையும். ஆனால், வாயை எவ்வளவு அழுத்தலாம் என்ற கணக்கு வயதோடு சேர்ந்து வந்துவிடாது. அதை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுவும் முதல் சில மாதங்களுக்குள். எங்கள் வீட்டில் அதற்குக் கிடைத்த அவகாசம் நான்கே வாரம்.

நவராத்திரிக்கு வந்த விருந்தாளி

தாம்பரம் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா, அம்மா, அப்பாவைப் பெற்ற ஆச்சி, நான், கல்லூரியில் படிக்கும் தம்பி. போன செப்டம்பரில், நவராத்திரி ஆரம்பித்திருந்த நேரம். ஒரு சாயங்காலம் தம்பி தன் பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சில் மாட்டிக்கொண்டு வந்தான். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு நாட்டு நாய்க்குட்டி. சுமார் இரண்டு மாதம் இருக்கும். கல்லூரிக்குப் பக்கத்தில் கட்டட வேலை நடக்கும் இடத்தில் தாய் நாய் லாரியில் அடிபட்டுவிட்டதாம். மற்ற குட்டிகளை ஆளுக்கொருவர் எடுத்துக்கொள்ள, மிச்சம் இருந்தது இது. பக்கத்து வீட்டுக் கொலுவிலிருந்து அன்றைக்கு வந்த கிண்ணத்தைப் பார்த்து வாலை அப்படி ஆட்டியதால், பெயர் 'சுண்டல்'.

அம்மாவுக்குச் சம்மதமில்லை. காரணம் ஆச்சி. ஆச்சிக்கு 76 வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை. தோல் வெங்காயச் சருகு மாதிரி. இரண்டு வருஷத்துக்கு முன்பு கட்டில் காலில் இடித்துக்கொண்ட விரல் ஆறுவதற்கு மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் தினம் கட்டுப் பிரித்து, கழுவி, கட்டியது அம்மா. "கடிக்கிற வயசுல ஒண்ணு, காயம் ஆறாத வயசுல ஒண்ணு. ரெண்டையும் ஒரே வீட்டுல வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார். நியாயமான கேள்வி.

மூன்றாவது நாளே அது நடந்தது. ஆச்சி துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். தரையில் புரண்ட முந்தானையைத் துரத்திக்கொண்டு சுண்டல் ஓடியது. முந்தானை நழுவ, கணுக்காலில் பல் இறங்கிவிட்டது. இரண்டு சின்னப் புள்ளிகள். இரண்டிலும் ரத்தம்.

அந்த வாரம் அலுவலகத்தில் செப்டம்பர் 28, உலக ரேபிஸ் தினத்துக்கான கட்டுரையைத் தயார் செய்துகொண்டிருந்தோம். ரேபிஸ் தடுப்பூசியைத் தந்த லூயி பாஸ்டர் 1895-ல் இறந்த நாள் அது. அந்தக் கட்டுரையில் நான் டைப் செய்த வரிதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். ஆச்சியைக் குழாயடியில் உட்காரவைத்து, தம்பி செல்போனில் டைமர் வைக்க, நான் கழுவினேன். "மஞ்சத்தூள வையிட்டி" என்றார் ஆச்சி. வைக்கவில்லை. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் என எதையும் நாய்க்கடிக் காயத்தில் வைக்கக் கூடாது.

நேராக அரசு மருத்துவமனை. ரத்தம் வந்த கடி என்பதால், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசி, கையில் தடுப்பூசி. அடுத்தடுத்த ஊசிகளுக்கு 3-வது நாள், 7-வது நாள், 28-வது நாள் என்று அட்டையில் தேதி எழுதிக்கொடுத்தார்கள். எங்கள் கைகளிலும் கீறல்கள் இருந்ததால் தம்பிக்கும் எனக்கும் தடுப்பூசி. குட்டியின் பல்தானே என்று விட்டுவிடக் கூடாத ஊர் இது. ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவிகிதம் நாய்கள் மூலம் வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அந்த அட்டையை அம்மா ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். "இதுல இருக்குற கடைசித் தேதி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள இவன் அடங்கலைன்னா வேற வீடு பாருங்க."

வாய்தான் அதற்குக் கை

மறுநாள் சுண்டலைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனோம். குட்டியைப் பரிசோதித்துவிட்டு, கடித்த நாளிலிருந்து 10 நாள் அது நன்றாகச் சாப்பிடுகிறதா, சுறுசுறுப்பாக இருக்கிறதா என்று கவனிக்கச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"குழந்தை எதைப் பார்த்தாலும் கையால தொட்டுப் பார்க்குமா, இல்லியா? இவனுக்கு வாய்தான் கை. வாயைப் பயன்படுத்தாதேன்னு சொன்னா அவனுக்குப் புரியாது. கூடப்பிறந்த குட்டிங்களோட இருந்திருந்தா, ஒண்ணு அழுத்திக் கடிச்சதும் கடிபட்டது கத்திட்டு விளையாட்டை விட்டுப் போயிடும். பால் குடிக்கிறப்ப அழுத்தினா தாய் எழுந்து போயிடும். அழுத்தினா விளையாட்டும் போச்சு, பாலும் போச்சு. இதுதான் அதுங்களோட பள்ளிக்கூடம். இவன் பாதியிலேயே வந்துட்டான். மிச்சப் பாடத்தை நீங்க நடத்துங்க."

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்குப் புதிது. முதலில் குறைக்க வேண்டியது கடியின் அழுத்தத்தை. கடியின் எண்ணிக்கையைக் குறைப்பது அதற்குப் பிறகு.

இந்த வரிசையை உலகம் முழுக்கப் பரப்பியவர் இயன் டன்பார். பிரிட்டனில் பிறந்த கால்நடை மருத்துவர். அமெரிக்காவில் நாய்க்குட்டிகளுக்கான பயிற்சி வகுப்புகளை 1980-களில் பிரபலமாக்கியவர். அவருடைய வாதம் எளிமையானது. எவ்வளவு சாதுவான நாய்க்கும் வாழ்நாளில் ஒரு நாள் பயமோ வலியோ வரும். இருட்டில் யாராவது வாலை மிதிப்பார்கள். காதுப் புண்ணில் குழந்தையின் கை படும். அந்த நொடியில் நாய் யோசிக்காது. குட்டியாக இருந்தபோது வாய் எதைப் பழகியதோ அதைத்தான் செய்யும். 'கடிக்காதே' என்று மிரட்டி மட்டும் வளர்க்கப்பட்ட நாய்க்கு, மெதுவாகக் கடிப்பது என்றால் என்னவென்றே தெரியாது. நாய்க்கடியை அவர் ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார். பல் தோலில் பட்டும் துளைக்காமல் விட்டால் அது இரண்டாம் நிலை. ஆறாவது நிலையில் உயிரே போய்விடும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால், பயிற்சி என்றால் குட்டியின் வாயில் கையைக் கொடுக்க வேண்டுமே? அமெரிக்காவில் நாய்களிடையே பரவும் ரேபிஸ் வகை ஒழிந்துவிட்டதாக 2007-லேயே அறிவித்துவிட்டார்கள். அங்கே சொல்லும் யோசனையை இங்கே அப்படியே செய்ய முடியாது. தடுப்பூசி போடாத தெருக்குட்டி வெறும் தோலில் செல்லமாகக் கொறித்தால்கூட நம்மூரில் அது ஊசி போட வேண்டிய கணக்கில் வரும்.

மருத்துவர் அதற்கும் வழி சொன்னார். "தடுப்பூசி போட்டு, அது வேலை செய்ய ஆரம்பிக்கிற வரைக்கும் வெறும் கை வேண்டாம். துணி, பொம்மை, கரண்டி வெச்சுப் பழக்குங்க. பாட்டியும் பக்கத்து வீட்டுக் குழந்தைங்களும் இவன் கீழே இருக்கும்போது எட்டத்துலேயே இருக்கட்டும். பாடம் நடத்துறது நீங்க ரெண்டு பேர் மட்டும். ஆனா, சட்டம் வீட்டுல எல்லாருக்கும் ஒண்ணுதான்."

ஆச்சி சொன்ன வைத்தியம்

எல்லாருக்கும் ஒரே சட்டம் என்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வாரம்தான் தெரிந்தது. தினத்தந்தியைச் சுருட்டி மூக்கில் ஒரு தட்டு தட்டலாம் என்றார் அப்பா. வாயை இறுக்கிப் பிடித்து மூடிவிடு என்றார் மாடி வீட்டு மாமா. கையில் வேப்பெண்ணெய் தடவிக்கொள்ளலாம் என்றார் இஸ்திரி போடும் அண்ணன்.

அடிப்பதையும் வாயைப் பிடிப்பதையும் மருத்துவர் முதல் நாளே தடுத்திருந்தார். மூக்கில் அடிவாங்கிய குட்டி, அடி எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதைத்தான் கற்றுக்கொள்ளும். அப்புறம் தடவிக்கொடுக்க நீளும் கையைப் பார்த்தும் பின்வாங்கும். உறுமும்போதெல்லாம் அடித்தால் உறுமுவதை நிறுத்திவிடும். உறுமல் ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கையை நிறுத்திக்கொண்ட நாய், ஒரு நாள் சொல்லாமல் கடிக்கும்.

குட்டிகள் மாதிரியே 'ஆ' என்று கத்தும் யோசனை இணையத்தில் நிறைய உண்டு. சில குட்டிகள் அதைக் கேட்டு நின்றுவிடும். சுண்டல் அந்த ரகமில்லை. தம்பி கத்தக் கத்த அதற்குக் குஷி. இன்னும் வேகமாகப் பாய்ந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி ஒரு நாள் சொன்னார். "பல்லு மொளைக்கிற வயசுல ஒங்கப்பனும் இதேதாம் செஞ்சான். பால் குடிக்கையில நறுக்குன்னு கடிப்பான். நான் ஏசவும் மாட்டேன், அடிக்கவும் மாட்டேன். பால நிறுத்திட்டு இறக்கி விட்ருவேன். அழுவான். கொஞ்ச நேரங்கழிச்சுத் திரும்பத் தூக்குவேன். ரெண்டே நாளு. புரிஞ்சிக்கிட்டான்."

அப்பா சுருட்டியிருந்த பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

தாய் நாய் செய்வதும், கால்நடை மருத்துவர் சொன்னதும், ஆச்சி ஐம்பது வருஷத்துக்கு முன்னால் செய்ததும் ஒன்றேதான். கத்தல் இல்லை, அடி இல்லை. அழுத்தினால் ஆட்டம் நின்றுவிடும். அடுத்த நிமிடம் கோபம் இல்லாமல் மறுபடி ஆரம்பிக்கும்.

கரண்டிப் பாடம்

அப்பாவின் பழைய ஜீன்ஸை வெட்டி மூன்று புரியாகப் பின்னி முடிச்சுப் போட்டோம். அதுதான் விளையாட்டுச் சாமான். சுண்டல் அதை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். பல் ஜீன்ஸைத் தாண்டி என் முழுக்கைச் சட்டைக்கு வந்தால் மட்டும் ஆட்டம் அந்த நொடியே நிற்கும்.

நிறுத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இழுத்தால் ஓடுகிற இரை மாதிரி, குட்டிக்கு இன்னும் ஆசை வரும். கையை அப்படியே அசையாமல் வைத்து, முகத்தைத் திருப்பி, குட்டி விட்டதும் எழுந்து கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அரை நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் எதற்காகப் போனோம் என்பதே அதற்கு மறந்துவிடும். திரும்பி வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி ஜீன்ஸை நீட்ட வேண்டும். முதல் சில நாள்களில் ஒரு மணி நேரத்தில் இருபது முறை எழுந்து போயிருப்பேன். ஜிம்முக்குப் போகிற செலவு மிச்சம்.

சாப்பாட்டு நேரத்தில் கரண்டிப் பாடம். நீளக் காம்புள்ள மரக்கரண்டியில் ஒரு துண்டு இட்லி. பல் 'டக்'கென்று கரண்டியில் இடித்தால் கரண்டி மேலே போய்விடும். நாக்கால் தொட்டால் "மெல்ல" என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கும். ஒரு வாரத்தில் 'டக்' சத்தம் குறைந்தது. பத்தாவது நாள், கரண்டியைப் பார்த்ததும் சுண்டல் உட்கார்ந்துவிட்டது. "மெல்ல" என்ற வார்த்தை முதலில் ஒட்டிக்கொண்டது அங்கேதான்.

இவ்வளவுக்குப் பிறகும் தினமும் மாலை ஆறு மணிக்குச் சுண்டலுக்குப் பேய் பிடித்துவிடும். சோபாவுக்கும் பீரோவுக்கும் நடுவே ஓடும். கர்ட்டன், செருப்பு, பேன்ட் என்று எது கிடைத்தாலும் கவ்வும். விளையாட ஆள் வேண்டுமோ என்று தம்பி இன்னும் ஓடவிட்டுப் பார்த்தான். இன்னும் மோசமானது. அதற்கும் பதில் நாற்காலியிலிருந்தே வந்தது.

"ஏல, அதுக்கு ஒறக்கம் வந்துட்டு. பச்சப்புள்ள ஒறக்கத்துக்கு இப்படித்தாம் ஆடும். படுக்கப் போடு."

அட்டைப்பெட்டியில் பழைய போர்வையை விரித்து, விளக்கை அணைத்துப் படுக்கவைத்தோம். ஐந்து நிமிடத்தில் குறட்டை. குட்டிகளுக்கு ஒரு நாளைக்கு 18 மணி நேரம்கூடத் தூக்கம் தேவைப்படும் என்பதை அடுத்த முறை போனபோது மருத்துவரும் சொன்னார். கடிக்கிற குட்டிகளில் பாதி, தூங்க விடாத குட்டிகள் என்று சிரித்தார்.

28-வது நாள்

அந்த 10 நாள் கண்காணிப்பு நல்லபடியாக முடிந்தது. தீபாவளி வந்தது. வெடிச்சத்தத்தில் சுண்டல் பீரோவுக்கு அடியில் போய் ஒடுங்கிவிட்டது. யாரும் கையை விட்டு இழுக்கவில்லை. பயந்த குட்டியை இழுத்தால் கடியை நாமே கேட்டு வாங்குகிற மாதிரி. கரண்டியில் இட்லியை வைத்து, தரையில் படுத்துக்கொண்டு, "மெல்ல" என்று மட்டும் சொன்னான் தம்பி. அரை மணி நேரம் ஆனது. தானாக வெளியே வந்தது. நக்கித்தான் எடுத்தது. அதே வாரம் மூன்று மாதம் நிறைந்ததும் ரேபிஸ் தடுப்பூசி போட்டோம்.

அட்டையில் இருந்த கடைசித் தேதியும் வந்தது. ஊசி போட்டுக்கொண்டு ஆச்சியும் அம்மாவும் ஆட்டோவில் இறங்கினார்கள். ஆச்சியின் முந்தானை வழக்கம்போலத் தரையில் புரண்டது. சுண்டல் ஓடியது. அம்மாவின் முகம் மாறியது. முந்தானைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, சுண்டல் ஆச்சியைப் பார்த்தது. பிறகு திரும்பி ஓடிப்போய் ஜீன்ஸ் முடிச்சைக் கவ்விக்கொண்டு வந்து அவர் காலடியில் போட்டது.

யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மா ஃப்ரிட்ஜிலிருந்து அட்டையை எடுத்து ஃபைலில் வைத்தார். சாயங்காலம் பார்த்தால் சுண்டலுக்கென்று ஓர் எவர்சில்வர் கிண்ணம் தனியாக வந்திருந்தது.

பொங்கல் முடிந்த ராத்திரி

நவம்பர் முடிவதற்குள் வெறும் கைக்கு மாறினோம். மூடிய கைக்குள் பொட்டுக்கடலை அளவு சிக்கன் துண்டு. நக்கினால் கை விரியும். டிசம்பரில் பாற்பற்கள் விழ ஆரம்பித்தன. நனைத்து முறுக்கி ஃப்ரீஸரில் வைத்த துண்டுத் துணியை, நாங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கடிக்கக் கொடுத்தோம். ஈறு வலிக்கு அது இதமாக இருந்தது. அழுத்தம் குறைந்த பிறகு எண்ணிக்கையையும் குறைத்தோம். இப்போது பல் பட்டாலே ஆட்டம் நிற்கும்.

பொங்கல் முடிந்த ஒரு ராத்திரி கரன்ட் போனது. தண்ணீர் குடிக்க எழுந்த ஆச்சி, கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்திருந்த சுண்டலின் வாலை மிதித்துவிட்டார். வீல் என்ற சத்தம். நான் டார்ச்சோடு ஓடினேன். சுண்டலின் வாய் ஆச்சியின் பாதத்தைக் கவ்வியிருந்தது. நான் பார்க்கும்போதே விட்டுவிட்டுப் பின்னால் போனது.

பாதம் முழுக்க எச்சில். தோலில் ஒரு கீறல் இல்லை. காகிதம் மாதிரியான அந்தத் தோலில், வலியோடு திரும்பிய ஐந்தரை மாத நாயின் பல் எதுவும் இறங்கவில்லை.

அதற்காக அலட்சியமாக இருந்துவிடவில்லை. அந்த இருட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவினோம். காலையில் பழைய அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். பாதத்தை டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், காயம் இல்லை, பயப்பட வேண்டாம் என்று அனுப்பிவைத்தார். ஆட்டோவில் வரும்போது அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நம்ம கால மிதிச்சா நாமளே ஒரு அறை விட்ருப்போம்" என்றார்.

வீட்டில் ஒரு குட்டி இருக்கிறதா? முதலில் அதற்கும், கடிபட்டிருந்தால் உங்களுக்கும் ஊசிக் கணக்கை முடித்துவிடுங்கள். பல்லும் எச்சிலும் காயத்தில் பட்டால் 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். மென்மையாகக் கடிக்கிற நாய்க்கும் தடுப்பூசி வேண்டும், தடுப்பூசி போட்ட நாய்க்கும் மென்மையான வாய் வேண்டும். ஒன்றுக்காக மற்றதை விட முடியாது. பிறகு, வீட்டில் இருக்கும் எல்லாரையும் உட்காரவைத்து ஒரே சட்டத்துக்குச் சம்மதிக்க வையுங்கள். ஒருவர் கையைக் கொடுத்து விளையாட, இன்னொருவர் அதற்காக அடித்தால், குட்டிக்கு நம் எல்லார் மேலும் குழப்பம்தான் மிஞ்சும். ஆறு மாதப் பொறுமை போதும். அதற்குள் பழகிய வாய்தான் அடுத்த பன்னிரண்டு, பதினைந்து வருஷத்துக்கு உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் நடுவே வளைய வரப்போகிறது.